நிக்கல் சூப்பர் அலாய் இன்காட்டில் புள்ளிகள்: பீன்யாவில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

பெங்களூரு பீன்யாவில் ஃபோர்ஜிங் கடைகளுக்கு (சூடான உலோகத்தை அடித்து வடிவமைக்கும் பட்டறைகளுக்கு) வரும் நிக்கல் பில்லட்டுகளை, அதாவது உருளைக் கட்டைகளை, வட்ட வட்டமாக வெட்டி, அமிலத்தில் ஊறவைத்து, புள்ளி தெரிகிறதா என்று பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் பக்கமிருந்து டிப்ளமா முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள், தாசரஹள்ளியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள், எப்போதாவது ஒரு கல்லூரி மாணவர் என்று பலரும் கேட்டவை இவை. பெரும்பாலும் டீக்கடையில் கேட்டவை என்பதால் ஒழுங்கான வரிசை இல்லை. சூப்பர் அலாய் என்றால் கடும் சூட்டிலும் வலுவிழக்காத கலவை. பேச்சு அதிகமும் அவற்றில் 718 என்ற கலவையைப் பற்றியே இருக்கும். விமான எஞ்சின் டிஸ்க்குகளில், அதாவது பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டுகளில், நாங்கள் அதிகம் பார்த்தது அதைத்தான்.

உருக்கும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்துதானே இருக்கிறது? உறையும்போது மட்டும் ஏன் பிரிகிறது?

சின்ன வயதில் குச்சி ஐஸ் உறிஞ்சியிருப்பீர்கள். நாலு உறிஞ்சலில் நிறமும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெள்ளைப் பனிக்கட்டி. ஐஸ் போட்டவர் சர்க்கரையை நன்றாகக் கரைத்துத்தான் ஊற்றினார். ஆனால் தண்ணீர் உறையும்போது சர்க்கரையைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சர்க்கரை, கடைசியாக உறையும் இடுக்குகளில் போய்ச் சேரும்.

718-ல் அந்தச் சர்க்கரையின் இடத்தில் இருப்பது நியோபியம். கலவையில் சுமார் பாதி நிக்கல், 19 சதவீதம் குரோமியம், 18 சதவீதம் போல இரும்பு, 5 சதவீதத்துக்குச் சற்று மேல் நியோபியம், 3 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் டைட்டானியம், அலுமினியம். உறையத் தொடங்கும் முதல் படிகம் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தில் இருக்கும் நியோபியத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஏற்கும். 5 சதவீதத் திரவத்திலிருந்து 2.5 சதவீதம் உள்ள திடம் பிறக்கிறது. மிச்சம் திரவத்துக்கே திரும்புவதால் திரவத்தில் நியோபியம் ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டு உறையும்போது அங்கே லேவ்ஸ் என்ற உடையக்கூடிய சேர்மம் உருவாகிறது. அதில் நியோபியம் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இந்தப் படிகங்கள் வழவழப்பான சுவராக வளர்வதில்லை. வேப்பங்கொத்து போல நடுத்தண்டும் கிளைகளுமாக வளர்கின்றன. டென்ட்ரைட் என்பது அதைத்தான். தண்டில் நியோபியம் குறைவு, கிளைகளின் இடுக்கில் அதிகம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்தச் சின்ன அளவுப் பிரிவு எந்த இன்காட்டிலும், அதாவது உருக்கி உறையவைத்த எந்த உலோகக் கட்டியிலும், இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்குப் பெரிதாகும்போதுதான் ஆபத்து. ஃப்ரெக்கிள், ஒயிட் ஸ்பாட் எல்லாம் அந்த வகை.

இது எல்லா உலோகத்திலும் நடப்பதுதானே? நிக்கலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

எஃகிலும் நடக்கும். பெரிய எஃகு இன்காட்டுகளில் இதே மாதிரிக் கோடுகளை நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறார்கள். ஆனால் எஃகுத் தண்டவாளம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வதில்லை. எஞ்சின் டிஸ்க் சுழலும், அதுவும் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில். பிளேடு உடைந்தால் எஞ்சினின் உறை பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். டிஸ்க் உடைந்தால் பிடித்து நிறுத்த எந்த உறையாலும் முடியாது. ஆகவே டிஸ்க் உடையவே கூடாது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு முழுவதும் உலோகம் உள்ளே ஒரே சீராக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

ஃப்ரெக்கிள் என்பது என்ன? எப்படி வருகிறது?

எட்ச் செய்த, அதாவது அமிலத்தில் ஊறவைத்த, ஸ்லைஸில் (வெட்டிய வட்டத் துண்டில்) கறுப்பாகத் தெரியும் சிறு புள்ளி, பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், சில சமயம் அதைவிடப் பெரிது. தனியாக வராது. ஒன்றைப் பார்த்தால் அதே ஆரத்தில் இன்னும் நாலு இருக்கும். பில்லட்டை நீளவாக்கில் வெட்டினால் அது புள்ளி இல்லை, ஒரு கோடு என்று தெரியும். உள்ளே லேவ்ஸும் நியோபியம் கார்பைடும் குவிந்து கிடக்கும்.

வரும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். மறு உருக்கு உலையில் தாமிரச் சட்டிக்குள் உலோகம் கீழிருந்து மேலாக வளர்கிறது. சட்டியின் வெளிப்பக்கம் தண்ணீர் ஓடுகிறது. மேலே உருகிய உலோகம் ஒரு கிண்ண வடிவக் குளமாக நிற்கிறது. கிண்ணத்தின் அடிக்கும் முழுக்க உறைந்த உலோகத்துக்கும் நடுவே பாதி திடம், பாதி திரவமாக ஒரு அடுக்கு உண்டு. நான் அதைக் கூழ்ப் பகுதி என்பேன். வேப்பங்கொத்துகள் நிற்க, அவற்றின் இடுக்கில் நியோபியம் ஏறிய திரவம் கிடக்கும் இடம் அது.

718-ல் அந்த இடுக்குத் திரவம் மேலே இருக்கும் குளத்துத் திரவத்தைவிடக் கனமானது. கனமான திரவம் சரிவில் என்ன செய்யும்? இறங்கும். கிண்ணத்தின் சரிவை ஒட்டிக் கூழ்ப் பகுதிக்குள்ளேயே கீழே நகரும். நகரும் திரவத்தில் நியோபியம் அதிகம், அதன் உறைநிலை குறைவு. போகிற வழியில் இருக்கும் கிளைகளை அது கரைத்துவிடுகிறது. வழி அகலமாகிறது. அகலமானதும் இன்னும் அதிகத் திரவம் அதே வழியாக வருகிறது.

வீட்டில் ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்கு இது தெரியும். பொடியைச் சரியாக அமுக்காமல் வெந்நீர் ஊற்றினால் ஒரு மூலையில் ஓட்டை விழுந்து, தண்ணீர் முழுக்க அது வழியாக இறங்கிவிடும். மற்றப் பக்கத்துப் பொடி நனைந்தும் நனையாமலும் கிடக்கும், டிகாஷன் தண்ணீராக இருக்கும். கூழ்ப் பகுதியில் அப்படி விழுந்த ஓட்டைதான் பின்னால் உறைந்து ஃப்ரெக்கிளாக நிற்கிறது.

கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வழி உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தொட்டுத் தேய்ப்பாரே, நவச்சாரம், அதில் 30 கிராமை 70 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குவளையை ஐஸ் தட்டின் மேல் வையுங்கள். அடியிலிருந்து வெள்ளைப் படிகங்கள் வளரும். கொஞ்ச நேரத்தில் அந்தப் படிகப் படுகையில் சின்னச் சின்னப் புகைபோக்கிகள் திறந்து, அவற்றிலிருந்து மெல்லிய ஊற்றுகள் மேலே பீறிடும். 1970-ல் ஃப்ரெக்கிளின் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனை இதேதான். இங்கே உப்பு படிகமாகப் போய்விடுவதால் மிச்சத் திரவம் லேசாகி மேலே போகிறது. திசைதான் வேறு, வேலை ஒன்று. அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், அம்மோனியா நெடி தாங்காது.

அப்படியானால் 718-ல் கீழே இறங்குவது, பிளேடுகளில் மேலே ஏறுகிறது என்கிறார்களே?

ஆமாம். கடைசித் திரவம் கனமா லேசா என்பது எந்தத் தனிமம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஒற்றைப் படிகப் பிளேடுக் கலவைகளில் டங்ஸ்டனும் ரீனியமும் கனமானவை, அவை முதலில் உறையும் தண்டுக்குள் போய்விடும். இடுக்கில் அலுமினியமும் டைட்டானியமும் சேரும், திரவம் லேசாகும், மேலே பீறிடும். பிளேடின் வெளிப்பரப்பில் செங்குத்தாகச் சின்னச் சின்னப் படிக மணிகளின் சங்கிலியாக அது தெரியும். சூடு தாங்குவதற்காக ரீனியத்தைக் கூட்டக் கூட்ட இந்தத் தொல்லையும் கூடியது. டான்டலம் சேர்த்தால் குறையும், ஏனென்றால் அது கனமானது, இடுக்கிலேயே தங்கி எடையைச் சமன்செய்யும். சம்பளப் பட்டியல் மாதிரிதான், ஓரிடத்தில் கூட்டினால் இன்னோர் இடத்தில் கேட்கும்.

ஒயிட் ஸ்பாட்?

ஃப்ரெக்கிளுக்கு நேர்மாறு. நியோபியம் குறைந்த இடம், எட்ச்சில் வெளுப்பாகத் தெரியும். நியோபியம்தான் 718-க்கு வலுவைத் தரும் நுண்துகள்களை உண்டாக்குவது. அது குறைந்த இடம் மெத்தென்று இருக்கும், அங்கே படிக மணிகளும் பெரிதாக வளர்ந்துவிடும்.

மூன்று வகை சொல்வார்கள். தனிப்புள்ளியாக, ஓரம் தெளிவாகத் தெரிவது முதல் வகை. வி.ஏ.ஆர். உலையில், அதாவது வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்கும் உலையில், சட்டியின் சுவரில் உலோகம் தெறித்து ஒட்டிக்கொள்ளும். குளத்தின் விளிம்பிலும் ஒரு திண்ணை போல முதலில் உறைந்த உலோகம் நிற்கும். இதில் ஒரு துண்டு பெயர்ந்து குளத்தில் விழுந்தால், நியோபியம் குறைந்ததால் அதன் உருகுநிலை சுற்றியுள்ளதைவிட அதிகம். முழுக்க உருகுவதற்குள் அடியில் போய்க் கூழில் சிக்கிக்கொள்ளும். துண்டு மட்டும் தனியாகச் சிக்கினால் டிஸ்க் ஒருவேளை பிழைக்கலாம். சுவரில் படிந்த ஆக்சைடு, நைட்ரைடு அழுக்கையும் இழுத்துக்கொண்டு விழுந்தால் அதற்கு ‘டர்ட்டி ஒயிட் ஸ்பாட்’ என்று பெயர். இந்தத் தொழிலில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

இரண்டாவது வகை, உலையில் மேலிருந்து உருகி இறங்கும் உலோகத் தண்டான எலக்ட்ரோடின் நடுவில் இருக்கும் சுருக்கக் குழியிலிருந்து உதிரும் டென்ட்ரைட் கொத்துகளால் வருவது. பெரும்பாலும் மையத்தை ஒட்டி, ஓரம் மங்கலாக இருக்கும். மூன்றாவது, உறையும் வேகம் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் தளர்ந்ததால் வரும் வெளிறிய வளைகோடு. இவை இரண்டும் முதல் வகை அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை.

ஒரு சின்னப் புள்ளியால் விமானத்துக்கு உண்மையிலேயே ஆபத்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 767 ஒன்று ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. வலது எஞ்சினில் இரண்டாம் நிலை உயர் அழுத்த டர்பைன் டிஸ்க் உடைந்தது. ஒரு துண்டு இறக்கையைத் துளைத்துக்கொண்டு போய், சுமார் 900 மீட்டர் தள்ளி ஒரு கிடங்கில் விழுந்தது. இறக்கையில் தீ. விமானி பிரேக் பிடித்து நிறுத்த, உள்ளே இருந்த 170 பேரும் வெளியேறிவிட்டார்கள். ஒருவருக்குப் பலத்த காயம். தரையை விட்டு எழும்பியிருந்தால் கதை வேறு.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. டிஸ்க் 718-ல் செய்தது. விரிசல் தொடங்கிய இடத்தில் இருந்தது டர்ட்டி ஒயிட் ஸ்பாட். அந்த டிஸ்க் 15,000 சுழற்சி (ஒரு தடவை பறந்து இறங்குவது ஒரு சுழற்சி) வரை ஓட அனுமதிக்கப்பட்டது, 11,000-ஐத் தொடுவதற்குள் போய்விட்டது. அந்தக் காலத்துச் சோதனை முறைகளில் அந்தக் குறையைப் பெரும்பாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் வாரியம் சொன்னது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் வாரமே இந்த அறிக்கையைப் படிக்கச் சொல்வேன்.

இதை 1989-ல் சியூ சிட்டியில் 110-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த டி.சி.-10 விபத்தோடு சிலர் குழப்பிக்கொள்வார்கள். அது டைட்டானிய விசிறி டிஸ்க், நைட்ரஜன் ஏறிக் கடினமான ஒரு துணுக்கால் உடைந்தது. அதுவும் உருக்கும்போது வந்த குறைதான், ஆனால் வேறு உலோகம், வேறு காரணம்.

ஸ்லைஸில் மர வளையம் மாதிரி வட்டங்கள் தெரிகின்றன. ரிஜெக்ட் செய்யட்டுமா?

ட்ரீ ரிங். உறையும் வேகம் லேசாக ஏறி இறங்கியதன் தடம். பெரும்பாலும் பாதிப்பில்லை, வாடிக்கையாளரின் ஒப்பீட்டுப் படத்தோடு வைத்துப் பாருங்கள். ஆனால் வளையங்கள் மிகவும் அழுத்தமாக இருந்தால் அந்த ஹீட்டின் (ஒரு தடவை உருக்கிய உலோகத்தின்) மெல்ட் சார்ட்டை, அதாவது உலை ஓடிய பதிவை, கேட்டு வாங்குங்கள். உலை நிம்மதியாக ஓடவில்லை என்று வளையம் சொல்கிறது.

மெல்ட் ரேட்டைக் கூட்டினால் நல்லதா, குறைத்தால் நல்லதா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

மெல்ட் ரேட் என்பது நிமிடத்துக்கு எத்தனை கிலோ எலக்ட்ரோடு உருகுகிறது என்பது. கூட்டினால் குளம் ஆழமாகும், சரிவு செங்குத்தாகும், கூழ்ப் பகுதி தடிக்கும், உறைவது தாமதமாகும். கனமான திரவம் இறங்கத் தேவையான எல்லாம் ஒரே சமயத்தில் கிடைத்துவிடும், ஃப்ரெக்கிள் வரும். சரி, குறைத்துவிடலாம் என்றால், குளம் ஆழம் குறைந்து சூடும் தணியும். விளிம்புத் திண்ணை தடிக்கும். விழுந்த துண்டு உருகி முடிக்க நேரமோ சூடோ போதாது, ஒயிட் ஸ்பாட் வரும்.

ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம். நடுவில் ஒரு சின்ன ஜன்னல்தான் இருக்கிறது. இன்காட்டின் விட்டம் கூடக் கூட அந்த ஜன்னலும் சுருங்கும், ஏனென்றால் நடுப்பகுதியின் சூடு வெளியேற அதிகத் தூரம் போக வேண்டும். 718 வி.ஏ.ஆர். இன்காட்டுகள் பல காலமாக 500 மில்லிமீட்டர் விட்டத்தை ஒட்டியே நின்றதற்குக் காரணம் இதுதான். மின் நிலையங்களின் பெரிய கேஸ் டர்பைன்களுக்கு அதைவிட மிகப் பெரிய டிஸ்க் தேவைப்பட்டபோது, நியோபியத்தை 3 சதவீதம் அளவுக்கு இறக்கிய 706 என்ற கலவைக்குப் போனார்கள். வலுவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பெரிய இன்காட்டைச் சம்பாதித்தார்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் அகலமாக்க ஒரு தந்திரம் உண்டு. உறைந்த இன்காட் சுருங்குவதால் அதற்கும் சட்டிச் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். வெற்றிடத்தில் அந்த இடைவெளி வழியாகச் சூடு சரியாகப் போகாது. அங்கே ஹீலியம் வாயுவைச் செலுத்தினால் சூடு வேகமாகக் கடக்கும், குளம் ஆழம் குறையும், மெல்ட் ரேட்டை அவ்வளவாகக் குறைக்க வேண்டியிருக்காது. மின்வில்லின் இடைவெளியைச் சீராக வைத்திருப்பதும் இதே அளவு முக்கியம். வில் நீண்டால் அது அங்குமிங்கும் அலையும், ஒரு பக்கம் சூடேறும், மறுபக்கம் திண்ணை வளரும்.

ஒரே பொருளை எதற்கு மூன்று முறை உருக்குகிறார்கள்? காசு வீணில்லையா?

ஒவ்வொரு உருக்கும் ஒரு வேலை செய்கிறது.

முதலில் வி.ஐ.எம்., வெற்றிடத் தூண்டல் உலை. கலவையின் அளவைச் சரிசெய்வதும் ஆக்சிஜன், நைட்ரஜனைக் குறைப்பதும் இங்கே. அலுமினியமும் டைட்டானியமும் காற்றைக் கண்டால் விடாது, அதனால்தான் வெற்றிடம். ஆனால் வி.ஐ.எம்.-மிலிருந்து ஊற்றிய எலக்ட்ரோடின் நடுவில் குழியும் வெடிப்பும் இருக்கும், உலையின் செராமிக் துணுக்கும் வரலாம். அதை நேராக வி.ஏ.ஆர்.-க்குக் கொடுத்தால் வெடிப்பு வரும் இடத்தில் மெல்ட் ரேட் தடுமாறும், துண்டுகள் உதிரும். நடுவில் இ.எஸ்.ஆர்., அதாவது மின்கசடு மறு உருக்கு, வைப்பது அதற்காக. அங்கே உலோகம் கால்சியம் ஃப்ளோரைடை முக்கியமாகக் கொண்ட உருகிய கசடின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஆக்சைடு துணுக்குகள் கசடில் கரைந்துவிடும், கந்தகம் குறையும். வெளிவருவது நடுவில் குழியில்லாத, சுத்தமான எலக்ட்ரோடு. அதைக் கடைசியாக வி.ஏ.ஆர். உருக்கும்போது குளம் அடக்கமாக நிற்கும்.

அப்படியானால் இ.எஸ்.ஆர்.-ரோடு நிறுத்தக் கூடாதா என்பார்கள். குறைந்த விட்டத்துக்கு நிறுத்தலாம், பல வேலைகளுக்கு நிறுத்தவும் செய்கிறார்கள். விட்டம் கூடினால் இ.எஸ்.ஆர்.-ரின் ஆழமான குளம் ஃப்ரெக்கிளைக் கூப்பிட்டுவிடும். சுழலும் டிஸ்க் என்றால் மூன்று உருக்கு என்பது வழக்கமாகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: சிகாகோவில் உடைந்த டிஸ்க்கும் மூன்று உருக்கில் வந்ததுதான்.

ஃப்ரெக்கிள் வந்துவிட்டது. ஹோமோஜினைஸ் நேரத்தை, அதாவது கலவை சீராவதற்காக உலைச் சூட்டில் வைக்கும் நேரத்தை, கூட்டிச் சரிசெய்ய முடியாதா?

முடியாது. இதே கேள்வியை ஒரு சப்ளையரின் ஆளும் என்னிடம் கேட்டிருக்கிறார், கேள்வியாக இல்லை, தீர்வாக. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பில்லட்டின் ஸ்லைஸில் பாதி ஆரத்தில் ஐந்து கறுப்புப் புள்ளிகள். பெயர் வேண்டாம், பெரிய இடம். அவர்கள் அனுப்பிய மேலாளர், மரியாதையானவர், நம் ஊர்க்காரர்தான், “இன்னொரு முப்பது மணி நேரம் உலையில் வைத்துத் தருகிறோம் சார், எல்லாம் கரைந்துவிடும்” என்றார். எங்கள் உற்பத்திப் பிரிவுக்கு அவசரம், தலையாட்டத் தயாராக இருந்தார்கள். நான் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போடலாம்.

சூட்டில் நியோபியம் பரவ ஆகும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. டென்ட்ரைட் இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 1200 டிகிரியை நெருங்கிய சூட்டில் அதைச் சீராக்க ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் ஃப்ரெக்கிள் அதைப்போல 20 மடங்கு. 20-ன் வர்க்கம் 400. ஆக 400 நாள் உலையில் கிடக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது படிக மணிகள் கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்திருக்கும். மேலாளர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பில்லட் திரும்பிப் போயிற்று.

ஹோமோஜினைஸ் வீண் என்று சொல்லவில்லை. சின்ன அளவுப் பிரிவுக்கு அது கட்டாயம். அதிலும் அவசரப்படக் கூடாது. முதலில் 1160 டிகிரியை ஒட்டி வைத்து லேவ்ஸைக் கரைத்துவிட்டு, பிறகுதான் இன்னும் மேலே ஏற வேண்டும். நேராக ஏற்றினால் லேவ்ஸ் இருக்கும் இடங்கள் உள்ளுக்குள்ளேயே உருகிவிடும்.

அல்ட்ராசோனிக்கில் பிடிபடாதா?

ஒலி எதிரொலிக்க இரு பக்கமும் வேறுபாடு வேண்டும். அழுக்கில்லாத ஒயிட் ஸ்பாட் சுற்றியுள்ள உலோகத்தோடு நன்றாக ஒட்டியிருக்கும், அடர்த்தியும் ஏறக்குறைய அதுவே, ஒலி கடந்து போய்விடும். ஃப்ரெக்கிள் ஃபோர்ஜிங்கில் விரிந்து வெடித்தால் தெரியும். அழுக்குக் கொத்து பெரிதாக இருந்தால் தெரியலாம். ‘யு.டி. பாஸ்’ (அல்ட்ராசோனிக் சோதனையில் தேறியது) என்ற முத்திரை விரிசல் இல்லை என்பதற்குச் சாட்சி, கலவை சீராக இருக்கிறது என்பதற்கு இல்லை.

எட்ச் ஸ்லைஸைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பரப்பைச் சரியாகத் தேய்த்திருக்கிறார்களா என்பதை முதலில். கரடாக இருந்தால் எல்லாமே புள்ளியாகத் தெரியும், பூசி மெழுகியது போல் இருந்தால் எதுவும் தெரியாது. நாங்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபெரிக் குளோரைடும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்தினோம். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் தொட்டியருகே போகக் கூடாது. மழைக்காலத்தில் ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு எட்ச் செய்த ஒரு பையனை நான் திட்டிய திட்டு ஜாலஹள்ளி வரை கேட்டிருக்கும்.

பிறகு வெளிச்சம். நேராக மேலிருந்து விளக்கைப் பிடிக்காதீர்கள், சாய்வாகப் பிடித்து ஸ்லைஸைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு முறை, காய்ந்த பிறகு ஒரு முறை. ஒயிட் ஸ்பாட் சில கோணங்களில் மட்டும்தான் கண்ணில் படும். சந்தேகமான இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி எட்ச் செய்யுங்கள். அழுக்குக் கறையானால் இடம் மாறும் அல்லது மறையும். உண்மையான குறை அங்கேயே நிற்கும். அப்புறம் அந்த இடத்தை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து நியோபியத்தை அளந்தால் வாக்குவாதம் முடிந்துவிடும்.

எங்கே வெட்டிய ஸ்லைஸ் என்பதையும் கேளுங்கள். பில்லட்டின் இரு முனைகளில் எடுத்ததைத்தான் நாம் பார்க்கிறோம். நடுவில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மெல்ட் சார்ட்டைக் கேட்பது அதற்காகத்தான். சார்ட்டில் நடுப்பகுதியில் மெல்ட் ரேட்டோ வோல்டேஜோ குதித்திருந்தால், அந்த இடத்தைக் கணக்கிட்டு அங்கே ஒரு ஸ்லைஸ் வெட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

உருக்கும்போது நடுவில் கரண்ட் போனால்?

குளம் உறையும், திண்ணை தடிக்கும். திரும்ப மின்வில்லை ஏற்றினாலும் அந்த இடத்தில் குறை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் பாகத்துக்கு அந்தப் பகுதியை வெட்டி எறிவார்கள், அல்லது இன்காட் முழுவதையும் வேறு வேலைக்குத் தள்ளுவார்கள்.

பவுடரில் செய்தாலோ த்ரீ-டி பிரிண்ட் போட்டாலோ இந்தத் தலைவலி இல்லையே?

இந்தத் தலைவலி இல்லை, சரி. பவுடரின் ஒவ்வொரு துகளும் தனி இன்காட், அதற்குள் பிரிவு அந்தத் துகளைத் தாண்ட முடியாது. 718-ஐவிட வலுவான, இன்காட்டாக ஊற்றினால் வெடித்துவிடும் கலவைகளை டிஸ்க் ஆக்குவது அந்த வழியில்தான். ஆனால் செராமிக் துணுக்கு ஒன்று பவுடரில் கலந்தால் அதுவே புதிய ஒயிட் ஸ்பாட். விலையும் வேறு.

லேசர் பிரிண்டில் இடுக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவில் வருவதால் ஹோமோஜினைஸ் சீக்கிரம் முடியும். மேலே போட்ட வர்க்கக் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். அங்கே துளையும் ஒட்டாத அடுக்கும்தான் பிரச்சினை.

இந்தியாவில் இதையெல்லாம் எங்கே உருக்குகிறார்கள்?

ஹைதராபாத்தில், 1973-ல் தொடங்கிய மிதானி என்ற அரசு உலோக நிறுவனத்தில் இந்த மூன்று வகை உலைகளும் உண்டு. அவர்களுடைய நிக்கல் கலவைகள் ‘சூப்பர்னி’ என்ற பெயரில் வரும், 718-ஐ ‘சூப்பர்னி 718’ என்பார்கள். பெங்களூரில் விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல்.-லின் ஃபவுண்டரி-ஃபோர்ஜ் பிரிவு இருக்கிறது, எஞ்சின் ஆராய்ச்சிக்கு சி.வி. ராமன் நகரில் ஜி.டி.ஆர்.இ. இருக்கிறது. பீன்யாவுக்கு வருவது பெரும்பாலும் பில்லட், பார், ரிங் வடிவில். இன்காட்டை இங்கே நேரில் பார்த்தவர்கள் குறைவு. அதனாலேயே உருக்கில் நடப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பது என் குறை.

சோதித்த ஸ்லைஸ்கள் ஆய்வகத்தில் இடத்தை அடைக்கின்றன. ஸ்கிராப்புக்குப் போடலாமா?

ஹீட் எண்ணும் முனையும் பொறித்து, எண்ணெய் தடவி, ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை வையுங்கள். குறையோடு வந்த ஸ்லைஸ்களை மட்டும் போடாதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் படத்தைக் காட்டிப் புரியவைப்பதைவிட, ஒரு உண்மையான ஃப்ரெக்கிளைக் கையில் கொடுத்து விளக்கடியில் திருப்பச் சொல்வது சுலபம். எங்கள் அலமாரியில் அந்த ஐந்து புள்ளி ஸ்லைஸ் ரொம்ப நாள் இருந்தது. மற்றதை விற்கும்போது ஸ்டெயின்லெஸ் சுருளோடு கலக்காமல் தனியாக எடை போடச் சொல்லுங்கள். நிக்கல் விலை தெரிந்த ஸ்கிராப்காரர் தனியாகத்தான் கேட்பார், தெரியாதவர் போல் நடிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.